பிழைத்த விந்தணுவும் பிடித்த சினையும்

குதிரை உறைவிந்து ஆய்வுக்கு ஏறத்தாழ எழுபது வயது ஆகிறது. 1957இல் கனடாவில் பார்க்கர், காண்டியர் என்ற இருவர், விரையை ஒட்டிய சுருள்குழாயிலிருந்து எடுத்த விந்தணுக்களை உறைய வைத்து, உருக்கி, ஒரு பெட்டைக்குதிரையைச் சினையாக்கிக் காட்டினார்கள். அன்றுமுதல் வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரே கேள்விக்கு விடை தேடியிருக்கிறது: உருக்கிய பிறகு நூற்றுக்கு எத்தனை விந்தணு நகர்கிறது? பெட்டைக்குதிரை வைத்திருப்பவரின் கேள்வி வேறு: சினை பிடிக்குமா? முதல் கேள்வியில் துறை கண்ட வெற்றி மெய்யானது. இரண்டாவதில் கண்ட முன்னேற்றத்துக்கும் அந்த வெற்றிதான் காரணம் என்று சொல்லப்படுவதை ஆதாரங்கள் தாங்கவில்லை. இந்தக் கட்டுரையின் வழக்கு அதுதான்.

தென்சென்னைக்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஞாயிறு மாலை குழந்தைகளைச் சுமக்கும் மட்டக்குதிரை, மெரினாவில் ரோந்து வரும் காவல்துறைக் குதிரை, கிண்டி மைதானத்தில் ஓடிய பந்தயக் குதிரை. நாம் அறிந்த குதிரைகள் இவ்வளவே. பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. இது புதிய நிலைமையும் அல்ல. மயிலாப்பூரின் தோமையர் கல்லறையைப் பற்றி எழுதிய அதே மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் அரபுக் குதிரைகளைக் கடல்வழியே வாங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும், இங்கே ஈன்ற குட்டிகள் கோணல் காலோடு பயனற்றுப் போனதையும் எழுதிவைத்தார். வாங்கியே பழகிய நாடு நம்முடையது. இனப்பெருக்கத்துக்கென்று ஒரு முயற்சி நடந்தது: கிழக்கிந்தியக் கம்பெனி 1824இல் ஓசூரில் இராணுவத்துக்காகக் குதிரைப் பண்ணை வைத்தது. அந்தப் பண்ணையில் இன்று தயாராவது பொலிகாளை உறைவிந்து. குதிரைக்காகத் தொடங்கிய இடத்தில் மாட்டு விந்து வென்றதற்குத் தேவை மட்டும் காரணமல்ல, உயிரியலும் ஒரு காரணம்.

மாட்டில் இந்தத் தொழில்நுட்பம் ஏன் தழைத்தது என்பது கால்நடைத் துறையை அறிந்தவர்களுக்குத் தெரிந்ததே. 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் தொடங்கிய செயற்கை முறை கருவூட்டல், 1949இல் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் கிளிசராலின் காக்கும் குணத்தைக் கண்டறிந்த பின் உறைவிந்தாக மாறி, இன்று ஊர்க் கால்நடை மருந்தகத்தில் 'சினை ஊசி' என்ற பெயரில் வாழ்கிறது. நம் நாட்டுத் தரவிதிப்படி ஒரு மாட்டு உறைவிந்துக் குச்சியில் இரண்டு கோடி விந்தணு. உருக்கியபின் அதில் பாதியாவது முன்னோக்கி நகர வேண்டும். ஆக, வேலை செய்பவை ஒரு கோடி. உலக விளையாட்டுக் குதிரை வளர்ப்போர் கூட்டமைப்பு குதிரைக்கு வகுத்த அளவோ, ஒரு முறைக்கு 25 கோடி முன்னோக்கி நகரும் விந்தணு. அதை நிறைவேற்ற வழக்கமாக அரை மில்லி குச்சிகள் எட்டு வேண்டும். மாட்டுக்குச் செலவாவதைப்போல 25 மடங்கு. உருக்கியபின் 35 விழுக்காடு நகர்ந்தாலே தேறியதாகக் கொள்கிறார்கள். அளவை இவ்வளவு கூட்டியும் தேர்ச்சிக் கோட்டை இவ்வளவு தாழ்த்தியும், நல்ல நிர்வாகத்தில் ஒரு சினைப்பருவச் சுழற்சிக்கு நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது பெட்டைகளே சினை பிடிக்கின்றன.

காரணத்தில் பாதி விந்தணுவின் உறையில் இருக்கிறது. குதிரை விந்தணுவின் வெளிச்சவ்வில், பாஸ்போலிப்பிடோடு ஒப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறைவு. மாட்டைவிடக் குறைவு, முயலையும் மனிதனையும்விட மிகக் குறைவு. கொலஸ்ட்ரால் குறைந்த சவ்வு, குளிரும்போது ஒழுங்கு குலைந்து கசியத் தொடங்குகிறது. மறுபாதி, தேர்வின் வரலாறு. பொலிகாளைகளை மூன்று தலைமுறை மனிதர்கள் விந்தின் தரம் பார்த்தே கழித்துக் கட்டினார்கள். பொலிகுதிரையைத் தேர்ந்தெடுத்தவர்கள் வேகம், நடை, நெற்றி, காதுமடல் பார்த்தார்கள். விந்து உறையுமா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் சில பொலிகுதிரைகளின் விந்து எந்த முறையிலும் உறையும், பெரும்பாலானவை நடுத்தரம், ஐந்தில் ஒன்றளவு எதற்கும் பிடிகொடுக்காது. இந்தத் தனிவேறுபாட்டை மனத்தில் கொள்ளாத எந்த ஆய்வையும் ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். ஒரே பண்ணையின் நல்ல குதிரைகள் நான்கை வைத்துக்கொண்டு, விந்தை உறைய வைக்கும் புதுக் கரைசல் ஒன்றை வெற்றி என்று அறிவிப்பது, கரைசலின் புகழா குதிரைகளின் புகழா என்று பிரிக்க முடியாத முடிவையே தரும்.

இனி அளவுகோல். உருக்கிய துளியைச் சூடான கண்ணாடித் தகட்டில் வைத்து, கணினியோடு இணைந்த நுண்ணோக்கியில் பார்த்தால், சில நொடிகளில் நூற்றுக்கணக்கான விந்தணுக்களின் வேகம், நேர்கோட்டுத் தன்மை, தலையாட்டம் எல்லாம் எண்களாக வந்துவிடும். மலிவு, விரைவு, திரும்பச் செய்தால் அதே விடை. இவை சிறிய நன்மைகள் அல்ல. அளக்க எளிதான ஒன்று இருந்ததால்தான் துறை வளர்ந்தது. ஆனால் நகர்திறனுக்கும் சினைப்பிடிப்புக்கும் உள்ள உறவு தளர்வானது என்பதை அதே துறையின் ஆய்வுகளே பலமுறை காட்டிவிட்டன. நகராத விந்து சினை பிடிக்காது என்று உறுதியாகச் சொல்லலாம். நன்றாக நகரும் விந்து சினை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. லாயத்தில் நிற்கும் குதிரையை எடைபோட்டு அதன் வேகத்தைச் சொல்வது போன்றது அது.

இந்த ஐயத்துக்குக் கூர்மை தந்தது 2014இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் கிப், எய்ட்கன் குழுவினர், பந்தயக் குதிரைப் பண்ணைகளில் இயற்கைச் சேர்க்கையின் விந்தை எடுத்து, சினை பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் ஒப்பிட்டார்கள். சினை பிடித்த விந்தில் உயிருள்ள விந்தணு விகிதம் குறைவாகவும், ஆக்சிஜன்வழிச் சேதம் மிகுதியாகவும் இருந்தது. எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. குதிரை விந்தணு தன் ஆற்றலைப் பெரிதும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் எரிப்பிலிருந்து பெறுகிறது. வீரியமானது கூடுதலாக எரிக்கிறது, கூடுதலாகப் புகைகிறது, விரைவில் ஓய்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: அது புதுவிந்தைப் பற்றியது, உறைவிந்தைப் பற்றியதல்ல. ஆயினும் அது எழுப்பும் கேள்வி உறைவிந்துக்கும் பொருந்தும். விந்தணு நெடுநேரம் உயிரோடு இருப்பதும் அது கருவூட்டுவதும் ஒன்றே என்ற அடிப்படை எண்ணமே அசைகிறது.

கரைசல்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் இந்த வெளிச்சத்தில் சோகையாகத் தெரிகின்றன. வைட்டமின் ஈ, வைட்டமின் சி, குளுட்டாத்தயோன், தாவரச் சாறுகள் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் நகர்திறன் நான்கைந்து புள்ளி ஏறியிருக்கும். கட்டுரையின் கடைசி வரி, சினைப்பிடிப்பைச் சோதிக்க மேலும் ஆய்வு தேவை என்றிருக்கும். அந்த மேலும் ஆய்வு பெரும்பாலும் வருவதேயில்லை.

அது ஏன் வருவதில்லை என்பதற்கு நேர்மையான விடை உண்டு: கணக்கு. சினைப்பிடிப்பை ஐம்பதிலிருந்து அறுபது விழுக்காடாக உயர்த்தும் கரைசல் ஒன்று கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பண்ணைக்காரருக்கு அது பெரும் லாபம். அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று வழக்கமான புள்ளியியல் உறுதியோடு காட்ட, ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ 390 பருவச் சுழற்சிகள் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எண்ணூறை நெருங்கும். பிரிவுக்கு இருபது பெட்டை வைத்த ஆய்வில் அந்தக் கரைசலின் முழுப் பலன் பன்னிரண்டுக்குப் பத்து என்று தெரியும். காசு சுண்டிப்போட்டாலும் அப்படி விழும். எண்ணூறு சுழற்சிகளுக்கு வேண்டிய பெட்டைகளோ பணமோ எந்தப் பல்கலைக்கழகத்திடமும் எளிதில் இல்லை. ஆய்வாளர்கள் நகர்திறனைப் பற்றிக்கொள்வது சோம்பலால் அல்ல. ஆனால் வறுமையால் ஏற்றுக்கொண்ட அளவுகோலை முடிவுரையில் உண்மையின் அளவுகோலாக உயர்த்திக்கொள்வது முறைப்பிழை. நான் இந்தத் துறையில் காணும் மிகப்பெரிய குறை இதுதான்.

இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. எட்டுக் குச்சி, எண்பது கோடி விந்தணு என்று கொட்டிக் கொடுக்கும்போது, எண்ணிக்கையால் ஈடுகட்டக்கூடிய குறைகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. இரண்டு கரைசல்களும் சமம் என்று முடிவு வரும். குறைந்த அளவில் கொடுத்திருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும். டி.என்.ஏ. சிதைவு போன்ற குறைகளுக்கோ எத்தனை கோடி கொடுத்தாலும் ஈடு இல்லை. எந்தக் குறையைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்து அளவைக் குறித்த ஆய்வுகள் குறைவு.

கரைசல் வழியில் நடந்த முன்னேற்றம் ஒன்றுமேயில்லை என்று சொன்னால் அநீதியாகும். பிரேசிலின் பொட்டுகாட்டு நகரத்தில் அல்வரெங்கா, பாப்பா குழுவினர் செய்தது தெளிவான சாதனை. கிளிசரால் விந்தணுவைக் காக்கும், அதே சமயம் வதைக்கும். அதன் மூலக்கூறு எடை 92. சவ்வைக் கடந்து மெல்ல உள்ளே போகிறது, மெல்ல வெளியே வருகிறது, போக்குவரத்தில் விந்தணு சுருங்கியும் வீங்கியும் கிழிகிறது. மெத்தில்ஃபார்மமைடின் எடை 59. விரைந்து கடக்கிறது. கிளிசராலைப் பெருமளவு குறைத்து அந்த இடத்தில் இதைச் சேர்த்த கரைசல், முன்பு உறையாது என்று ஒதுக்கப்பட்ட குதிரைகளின் விந்தைக் காப்பாற்றியது. இதன் மதிப்பு சராசரியை உயர்த்தியதில் அதிகமில்லை. வரிசையின் கடைசியில் கிடந்தவற்றைத் தூக்கிவிட்டதில்தான் இருக்கிறது. கொலஸ்ட்ராலைச் சைக்ளோடெக்ஸ்ட்ரினில் ஏற்றிச் சவ்வுக்கு ஊட்டும் முறை தருக்கத்தில் இதைவிட அழகானது: குறை எதுவோ அதையே நிரப்புகிறது. பிழைக்கும் விந்தணு கூடுகிறது என்பதும் நிரூபணமான ஒன்று. ஆனால் கருமுட்டையைத் துளைக்கத் தயாராகும்போது விந்தணு தன் கொலஸ்ட்ராலை உதிர்த்தாக வேண்டும். உறைதலுக்கு உதவியது கருவூட்டலுக்குத் தடையாகக்கூடும். சினைப்பிடிப்பில் அதற்கு ஈடான ஏற்றம் நிலைநாட்டப்படவில்லை.

சுவீடனின் உப்சாலாவில் ஜேன் மோரெல் வளர்த்தெடுத்த ஒற்றை அடுக்கு மையவிலக்கு முறை, நல்ல விந்தணுக்களை மட்டும் அடியில் இறக்கிப் பிரிக்கிறது. தரம் கூடும், எண்ணிக்கை குறையும். சிக்கலான குதிரைக்கு நல்ல கருவி. எல்லாக் குதிரைக்கும் வேண்டியதில்லை.

சினைப்பிடிப்பை உண்மையில் உயர்த்தியது எது? என் தீர்ப்பில், பெரும்பங்கு பெட்டையின் பக்கம் நடந்த வேலைக்கு உரியது. அதைப் புரிந்துகொள்ள, உறைவிந்து போடும் ஓர் இரவைக் கவனித்தால் போதும். பெட்டைக்குதிரையின் சினைப்பருவம் ஐந்து முதல் ஏழு நாள் நீளும். கருமுட்டை வெளியேறுவது கடைசி ஒன்றிரண்டு நாளில். இயற்கைச் சேர்க்கையின் விந்து இரண்டு மூன்று நாள் உள்ளே காத்திருக்கும். உருக்கிய விந்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள். மருத்துவர் ஸ்கேனில் சினைப்பையைப் பார்க்கிறார். கருமுட்டை தங்கிய நீர்ப்பை 35 மில்லிமீட்டரைத் தொட்டு, கருப்பைச் சுவர் வீங்கி, குறுக்குவெட்டில் சக்கர ஆரங்கள் போன்ற மடிப்புகள் தெரிந்தால் முட்டை வெளியேறத் தூண்டும் எச்.சி.ஜி. அல்லது டெஸ்லோரலின் ஊசி. அதிலிருந்து ஏறக்குறைய 36 முதல் 48 மணி நேரத்துக்குள் முட்டை வெடிக்கும். கடைசிக் கட்டத்தில் ஆறு மணிக்கொரு முறை ஸ்கேன். நள்ளிரவிலும், விடிவதற்கு முன்னும். கறுத்த வட்டமாகத் தெரிந்த நீர்ப்பை திடீரென்று குலைந்து சாம்பல் நிறமாகிவிட்டால், நைட்ரஜன் உருளையிலிருந்து குச்சிகளை எடுத்து 37 டிகிரி வெந்நீரில் முப்பது நொடி. துடைத்து, நுனி வெட்டி, நீண்ட வளையும் குழாய் வழியே, முட்டை வெடித்த பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனிவரை கொண்டுபோய் விட வேண்டும். தாமதித்தால் முட்டை கெடும்.

இந்த ஒழுங்குமுறைக்கு நேர்மையான ஒப்பீட்டுச் சான்று உண்டு. ஆறு மணிக்கொரு முறை பார்த்து முட்டை வெடித்தபின் ஒருமுறை விந்து போடுவதும், ஊசி போட்ட 24ஆம் மணியிலும் 40ஆம் மணியிலும் பார்க்காமலே இருமுறை போடுவதும் ஏறத்தாழ ஒரே சினைப்பிடிப்பைத் தந்தன. மருத்துவரின் தூக்கத்துக்கு விலையாக இரண்டாவது விந்தளவு. விந்து அரிதென்றால் முதல் முறை. மருத்துவர் அரிதென்றால் இரண்டாவது. பண்ணைக்காரர் கையிலெடுத்துப் பயன்படுத்தக்கூடிய முடிவு என்பது இதுதான். பத்து ஆண்டுக் கரைசல் ஆய்வுகள் இவ்வளவு தெளிவான வழிகாட்டுதலைத் தரவில்லை. கொம்பு நுனியில் விடுவதைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை: விந்தணு குறைவாக உள்ளபோது அது பயன் தருகிறது, முழு அளவில் கொடுக்கும்போது பெரிய ஆதாயம் தெரியவில்லை. அதை எல்லாருக்கும் கட்டாயமாக்குவது சான்றை மீறிய ஆர்வம்.

பெட்டையின் கருப்பை விந்தை அயல்பொருளாகக் கண்டு அழற்சி கொள்வதும் இதோடு சேர்ந்தது. உறைவிந்தில் விந்துத் திரவம் பெரும்பாலும் நீக்கப்பட்டு விந்தணு அடர்த்தி மிகுந்திருப்பதால் அந்த அழற்சி கடுமையாகிறது. பல குட்டிகள் ஈன்ற, வயதான பெட்டைகளில் கழிவு தேங்கி, ஐந்தாம் ஆறாம் நாளில் இறங்கிவரும் கரு பிழைக்க முடியாமல் போகிறது. கருவூட்டிய சில மணி நேரத்தில் கருப்பையைக் கழுவி ஆக்சிடோசின் கொடுப்பது எளிய சிகிச்சை. சினைப்பிடிப்பைக் குறைத்த பழியை எத்தனை முறை குச்சியின்மேல் போட்டிருப்போம், உண்மையில் குற்றம் கழுவாத கருப்பையில் இருந்தபோது!

ஒரு விந்தணுவை ஒரு கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி முறை இந்த விவாதம் முழுவதையும் ஓரங்கட்டிவிட்டது என்று சொல்வோர் உண்டு. 1996இல் அமெரிக்காவின் கொலராடோவில் இக்ஸி வழி முதல் குட்டி பிறந்தது. இன்று இத்தாலியின் கிரமோனா போன்ற இடங்களில் அது வணிகச் சேவை. ஒரு குச்சியை வெட்டித் துண்டாக்கிப் பல ஆண்டு பயன்படுத்தலாம். இறந்துபோன குதிரையின் கடைசிக் குச்சிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சோதனைக்குழாயில் விந்தணுவே முட்டையைத் துளைக்கும் வழக்கமான முறை, மனிதரில் எளிதாக வென்றது, குதிரையில் முப்பது ஆண்டு பிடிகொடுக்கவில்லை. 2022இல் பென்சில்வேனியாவில் ஃபீலிக்ஸ், ஹின்ரிக்ஸ் குழு விந்தணுவை 22 மணி நேரம் ஊறவைத்துத் தயாராக்கி அதைச் சாதித்தது அண்மைக்கால ஆய்வுகளில் நான் மிக மதிக்கும் ஒன்று. ஏனெனில் அது குதிரை விந்தணுவுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டது. ஆனால் இக்ஸியின் வெற்றியை உறைவித்தலின் வெற்றியாகக் கணக்கெழுதக் கூடாது. அது விந்தின் குறையைத் தீர்ப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. குறை மரபுவழிப்பட்டதாயின் அதை மகனுக்கும் கடத்துகிறது. செலவும் ஆய்வகமும் கேட்கும் இந்த வழி, சில லட்ச ரூபாய்க் குதிரை வைத்திருக்கும் இந்திய வளர்ப்பாளருக்கு இன்னும் தொலைவில் இருக்கிறது.

பந்தயக் குதிரை வளர்ப்பவருக்கோ இவை எதுவுமே பயன்படாது. தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைப் பதிவேடு ஏற்காது. புணேயில் பேணப்படும் இந்தியப் பதிவேட்டுக்கும் அதே விதி. ஆஸ்திரேலியாவில் புரூஸ் மெக்ஹ்யூ இந்த விதியை எதிர்த்து வழக்காடி 2012இல் தோற்றார். ஒரு பொலிகுதிரை உலகெங்கும் ஆயிரக்கணக்கில் குட்டி போட்டு இனத்தின் மரபு வளத்தைச் சுருக்கிவிடாமல் தடுக்கிறது என்பது விதியின் ஆதரவாளர் வாதம். அதில் பொருள் உண்டு. ஆனால் அந்த நோக்கத்துக்கு எண்ணிக்கை வரம்பு போதுமே, முறைக்கு ஏன் தடை என்பதற்கு நிறைவான விடை இல்லை.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான களம் நாட்டு இனங்கள்: மார்வாரி, கத்தியவாரி, ஜான்ஸ்காரி, ஸ்பிதி, பூட்டியா, மணிப்புரி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்கள் முதலிரண்டையும் பார்த்திருப்பார்கள். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் ஆறே கால் லட்சம் குதிரை, மட்டக்குதிரைகள். 2019இல் ஏறத்தாழ மூன்று லட்சத்து நாற்பதாயிரம். ஏழாண்டில் இந்தச் சரிவு வேறெந்தக் கேள்வியையும் பின்தள்ளுகிறது. 1985இல் தொடங்கிய ஹிசார் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் அதன் பீகானீர் வளாகமும் இந்த இனங்களின் விந்தை உறைய வைத்துச் சேமித்துவருகின்றன. 2023 மே 19 அன்று பீகானீரில் கரு மாற்று முறையில் 23 கிலோ எடையில் மார்வாரிப் பெண்குட்டி பிறந்தது. ராஜ் பிரதமா என்று பெயர். 2024இல் உறைவிந்தால் உண்டான கருவையும் உறைய வைத்து, பின்னர் வாடகைத் தாயில் வைத்து, ராஜ் ஷீத்தல் பிறந்தது. குதிரைக் கரு உறைதலுக்கு எளிதில் இணங்காதது. அதையும் உறைவிந்தையும் ஒரே குட்டியில் இணைத்துக் காட்டியது கைத்திறனின் உயர்ந்த நிரூபணம். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒரு குட்டி, ஒரு முறை சாத்தியம் என்பதை நிரூபிக்கிறது. அது நிலைபெற்றது என்பதை அல்ல. நம் நாளேடுகளில் நின்றவை பெயர், எடை, 'முதல்' என்ற சொல். எத்தனை பெட்டைகளுக்குக் கருவூட்டி எத்தனை சினை, எத்தனை பிரசவம் என்ற வகுஎண் செய்தியாவதில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை இயக்கத்தைத் திருத்தி, குதிரை, கழுதை, ஒட்டகத்துக்கு விந்து நிலையமும் மூல இனப்பெருக்கப் பண்ணையும் அமைக்கப் பத்துக் கோடி ரூபாய் உதவி அறிவித்தபின், அந்த வகுஎண்ணைக் கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது. உற்பத்தியான குச்சிகளின் எண்ணிக்கையை வைத்து இந்த நிலையத்தை மதிப்பிட்டால், மாட்டுத் துறையின் பழக்கம் குதிரைக்கும் தொற்றிவிடும். ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் ஒரு சுழற்சிக்கான சினைப்பிடிப்பு விகிதம், பெட்டையின் வயதோடும் விந்து போட்ட மணியோடும் சேர்த்துப் பதிவாக வேண்டும். எண்ணூறு சுழற்சிகளை எந்தத் தனி ஆய்வும் திரட்ட முடியாது. பல மாநிலங்களுக்குக் குச்சி அனுப்பும் ஒரு தேசிய நிலையம், பதிவேட்டை ஒழுங்காக வைத்தால், சில ஆண்டுகளில் திரட்டிவிடும். உலகத் துறையே ஏங்கும் சான்று அது.

இன்னொன்றையும் அந்த நிலையம் தொடங்கும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும். வணிகத்துக்கான விந்து வங்கியும் இனக்காப்புக்கான விந்து வங்கியும் ஒரே தேர்ச்சிக் கோட்டை வைத்துக்கொள்ள முடியாது. 35 விழுக்காட்டைத் தொடாத விந்தைக் கழித்தால் விற்பனை நிலையத்தின் பெயர் காப்பாற்றப்படும். எஞ்சியிருக்கும் பொலிகுதிரைகள் சொற்பமான ஓர் இனத்தில் அதே விதியை வைத்தால், ஐந்தில் ஒரு குதிரையின் மரபணுக்களை நாமே வெளியேற்றுகிறோம். உறைதலுக்கு இணங்கும் தன்மைக்காக இனத்தையே வடிகட்டுகிறோம். லடாக்கின் ஒரு ஜான்ஸ்காரிப் பொலிகுதிரையின் விந்து உருக்கியபின் பன்னிரண்டு விழுக்காடே நகர்ந்தாலும், அதை மெத்தில்ஃபார்மமைடு கரைசலில் மீண்டும் உறைய வைத்துப் பார்த்து, அப்போதும் ஏறவில்லையென்றால் உள்ள எண்ணிக்கையையே குச்சியின்மேல் அச்சிட்டு, விற்பனைக்கு அல்லாத தனி உருளையில் சேமிக்க வேண்டும். கொம்பு நுனிக் கருவூட்டலுக்கோ, ஒருநாள் பீகானீரிலேயே வரக்கூடிய இக்ஸிக்கோ அது போதும்.